செவுளைத் தூக்கிப் பாருங்கள்: மீன் தண்ணீரில் எப்படி மூச்சு விடுகிறது, வீட்டுத் தொட்டியில் அதை எப்படிக் காப்பாற்றுவது

சென்னை காசிமேட்டில் மீன் வாங்குகிற யாரும் முதலில் செய்வது, கட்டை விரலால் செவுள் மூடியைத் தூக்கிப் பார்ப்பதுதான். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் புது மீன், பழுப்பேறிக் கிடந்தால் ஐஸில் நாள்பட்ட மீன். சின்ன வயதிலிருந்து அம்மாவோடு போய் இதைப் பார்த்துப் பழகியவன் நான். ஆனால் அந்த இடம் ஏன் அவ்வளவு சிவப்பு என்று யோசித்ததில்லை. கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் ஆறு தங்க மீன் வாங்கி வந்து, ஒரு வட்டக் கண்ணாடிக் குடுவையில் விட்டு, அது மே மாதம், நாலே நாளில் ஆறும் செத்து மிதந்தன. விற்றவர் சொன்னபடி தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றினேன். அதுவும் சேர்ந்துதான் கொன்றது என்று பிறகுதான் புரிந்தது.

அதற்கப்புறம் படித்தும், நாலு பேரிடம் கேட்டும், தொட்டி வைத்துப் பார்த்தும் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று: வீட்டு மீன்கள் பெரும்பாலும் நோயால் சாவதற்கு முன்பே மூச்சுத் திணறித்தான் வீணாகின்றன. அதனால் தொட்டி வாங்கும் முன் செவுளைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த வழிகாட்டியும் அங்கேதான் தொடங்குகிறது, சமையலறையில்.

முதலில் ஒரு மீனைத் திறந்து பாருங்கள்

அரை கிலோ அளவில் ஒரு சங்கரா வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போது மீன் விலை ஏறியிருக்கும். மற்ற நாட்களில் பிரச்சினை இல்லை. வெட்டித் தரும் அக்காவிடம் தலையையும் செவுளையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்டபோது "இத எதுக்குப்பா, பூனைக்கா?" என்றார். என் பையனுக்குக் காட்ட என்றதும் அவரே கத்தியால் மூடியை விரித்து, வளைவு வளைவாக எண்ணிக் காட்டினார்.

பக்கத்துக்கு நாலு வளைவுகள் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கம் சிவப்பாகச் சீப்புப் பல் போல அடுக்கடுக்கான இழைகள், இரண்டு வரிசையாக. உள்பக்கம் வெள்ளையாக முள் முள்ளாக இருப்பது, வாய்க்குள் போன இரை தண்ணீரோடு சேர்ந்து வெளியே போய்விடாமல் தடுக்கும் வேலி. மத்தி மீனில் இந்த முட்கள் நெருக்கமாக, நீளமாக இருக்கும். அது தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீன், அதனால்தான்.

இப்போது ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு வளைவை அதில் மூழ்க விடுங்கள். இழைகள் எல்லாம் பூ மாதிரி விரியும். மெதுவாக வெளியே தூக்குங்கள். நனைந்த தூரிகை மயிர் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மீன் கரையில் ஏன் சாகிறது என்பதற்கான பதில் முழுக்க இதில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் தண்ணீர் தாங்கிப் பிடிக்காவிட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு, மூச்சு வாங்கும் பரப்பே சுருங்கிவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு இழையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கின்றன. அந்தத் தகட்டின் தோல் அவ்வளவு மெலிசு, அதன் வழியே ரத்தம் தெரிகிறது. செவுளின் சிவப்பு அந்த ரத்தத்தின் நிறம்தான்.

மூச்சு போகும் வழி

நாம் மூச்சை இழுக்கிற வழியிலேயே வெளியே விடுகிறோம். மீனுக்கு ஒருவழிப் பாதை. வாயைத் திறந்து தண்ணீரை உள்ளே வாங்கும்போது செவுள் மூடி மூடியிருக்கும், வாயை மூடியதும் மூடி திறந்து தண்ணீர் செவுள் இழைகளைத் தடவிக்கொண்டு வெளியேறும். தொட்டி மீன் சும்மா எதையோ மென்றுகொண்டே இருப்பது போலத் தெரிவது இதுதான், குடிக்கவும் இல்லை, பேசவும் இல்லை, மூச்சு விடுகிறது.

இதில் உண்மையான கெட்டிக்காரத்தனம் திசையில் இருக்கிறது. செவுள் தகடுகளின் மேல் தண்ணீர் ஒரு பக்கமாக ஓட, உள்ளே ரத்தம் அதற்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. புதிதாக உள்ளே வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு, அது முதலில் சந்திப்பது ஏற்கெனவே பாதி ஆக்சிஜனை இழந்துவிட்ட தண்ணீரை, ஆனாலும் அதைவிட அந்தத் தண்ணீரில் கூடுதலாகவே இருப்பதால் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. முன்னே போகப் போக இன்னும் புதிய தண்ணீரைச் சந்தித்து இன்னும் கொஞ்சம் வாங்குகிறது. கடைசி வரை தண்ணீரின் கை மேலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே திசையில் ஓடினால் பாதி வழியிலேயே சமமாகி நின்றுபோகும். இப்படி எதிர் எதிராக ஓடுவதால், கடந்து போகும் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனில் 80 சதவீதம் வரை சில மீன்களால் எடுத்துக்கொள்ள முடிகிறது. நாம் இழுக்கும் காற்றிலிருந்து நம் நுரையீரல் எடுப்பது கிட்டத்தட்ட கால் பங்குதான்.

இவ்வளவு திறமை அதற்குத் தேவை, ஏனென்றால் கிடைப்பதே கொஞ்சம். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அதிகபட்சம் 7.5 மில்லிகிராம்தான் கரையும். அதையும் காற்றைவிட 800 மடங்கு கனமான தண்ணீரைத் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும்.

சூரை மீனைப் பாருங்கள், அதற்கு இந்த வாய் பம்பு வேலையே போதாது. வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் தண்ணீர் செவுளில் பாயும், நின்றால் மூச்சு நின்றுவிடும். சுறாக்கள் எல்லாமே அப்படித்தான் என்று பலர் சொல்வார்கள், அது தவறு, தரையில் படுத்தபடியே மூச்சு விடுகிற சுறாக்கள் நிறைய உண்டு.

சூடும் உப்பும்

மே மாதத்தில் மீனுக்கு இரட்டை அடி. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. அதே சூட்டில் மீனின் உடம்பு வேகமாக இயங்குகிறது, ஏனென்றால் பெரும்பாலான மீன்களுக்குத் தண்ணீரின் சூடுதான் உடம்பின் சூடு, ஆக அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவை. தேவை ஏறுகிறது, வரத்து இறங்குகிறது. என் தங்க மீன்கள் செத்ததில் முதல் காரணம் இது. தங்க மீன் குளிர்ந்த நீர் மீன், 20 டிகிரியை ஒட்டி இருந்தால் சுகமாக இருக்கும், நம் வீட்டு மாடி அறையில் தண்ணீர் 32 டிகிரிக்குப் போய்விடுகிறது.

இரட்டை ஏரி மாதிரி பாசி பிடித்த ஏரிகளில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் வெளிச்சம் இல்லாததால் அதுவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள மட்டுமே செய்யும். அதனால் ஒரு நாளில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியும் நேரத்தில்தான். செடி வைத்த வீட்டுத் தொட்டிக்கும் இதே கணக்கு. இரவில் காற்றுக் குழாயை நிறுத்திவிட்டுத் தூங்குகிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

அடுத்தது உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. எலும்பு மீன்களின் ரத்தத்தில் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. கடல் மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும், அதனால் அது கடல்நீரைக் குடித்து, மிஞ்சும் உப்பைச் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. ஏரி மீனுக்கு நிலைமை தலைகீழ், தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், அது தண்ணீர் குடிப்பதே அரிது, நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழிக்கிறது, இழக்கும் உப்பைச் செவுள் வழியாகத் திரும்பப் பிடிக்கிறது. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில் வாழும் மடவையும் கொடுவாவும் இந்த இரண்டு வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யத் தெரிந்தவை. ஆனால் அவற்றுக்குமே மாற நேரம் வேண்டும். உங்கள் தொட்டி மீனை ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்கு ஒரே நொடியில் தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக, செவுள் ஒரே நேரத்தில் நுரையீரல், பாதிச் சிறுநீரகம், உப்புக் கடை எல்லாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கிண்ணத்தில் விரிந்த அந்த இழைகள்தான். அவ்வளவு மெல்லிய பரப்பில் எண்ணெய் படிந்தால் மீன் எதைக் கொண்டு மூச்சு விடும்?

தொட்டி வாங்குவது

சரி, இனி வேலைக்கு வருவோம். வட்டக் குடுவை வேண்டாம். ஆக்சிஜன் தண்ணீருக்குள் இறங்குவது மேல்பரப்பு வழியாக, குடுவையின் வாய் குறுகலாக இருப்பதால் அந்தப் பரப்பே கிடையாது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி முதல் முறைக்குச் சரியாக இருக்கும், விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். சின்னத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது எளிது என்று நினைக்காதீர்கள், தண்ணீர் குறையக் குறைய எல்லாத் தவறும் வேகமாகத் தெரியும். நேர் வெயில் விழாத இடமாக, கனம் தாங்கும் மேசையாகப் பாருங்கள், தண்ணீரும் கண்ணாடியும் மணலும் சேர்ந்து 70 கிலோவைத் தாண்டும்.

அதோடு ஒரு ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு வெப்பமானி, ஒரு மூடி. ஹீட்டர் நம் ஊரில் வருடத்தில் பெரும்பாலான நாள் தேவைப்படாது, அந்தப் பணத்தில் அம்மோனியா பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்குங்கள். குமிழிகளே ஆக்சிஜனைக் கரைத்துவிடுகின்றன என்று நினைப்போம், உண்மையில் குமிழி மேலே வந்து உடைந்து பரப்பைக் கலக்குவதுதான் பெரிய பங்கு வேலை. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். கரன்ட் போனதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிப் பிளக் வரை வந்துவிடும், நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நம் பக்கத்துக் கொசுவுக்காகச் சொல்கிறேன். தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தி, கொசு லிக்விட், ஸ்பிரே எதுவும் வேண்டாம். அவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம், ஏர் பம்ப் அறையின் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது. வலை கட்டிக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீர்

குழாயில் வரும் மெட்ரோ வாட்டர்தான் வசதி, ஆனால் அதில் குளோரின் இருக்கும், அது செவுளைச் சுட்டுவிடும். தினமும் முழுத் தண்ணீரை மாற்றிய நான் தினமும் புதுக் குளோரினில் என் மீன்களை விட்டிருக்கிறேன். நம் தெருக்களில் வீட்டுக்கு ஒரு நீல டிரம் இருக்கத்தானே செய்கிறது, அதில் பிடித்து மூடாமல் 24 மணி நேரம் வைத்தால் சாதாரணக் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கிடைக்கும், புட்டியில் போட்ட அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

போர்வெல் தண்ணீர் பல தெருக்களில் உப்பும் கடினமுமாக இருக்கும். அதில் மாலி மீன் நன்றாகவே வாழும், கப்பியும் தாங்கும். கடினமான தண்ணீரையே விரும்புகிற மீன்கள் அவை. ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ மட்டும் ஊற்றாதீர்கள், மீனுக்கு வேண்டிய தாது உப்புகள் அதில் மிகக் குறைவு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள்.

மீன் வாங்கும் முன் காத்திருக்கும் ஒரு மாதம்

யாரும் சொல்லித்தராத படி இது, எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

மீன் தன் உடம்பின் கழிவான அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் வெளியே விடுகிறது. ஏரியில் அது கரைந்து போகும், தொட்டியில் அங்கேயே சேரும், சேர்ந்து அதே செவுளை எரிக்கும். தண்ணீர் காரத்தன்மை கூடி, சூடாக இருந்தால் அதன் விஷம் இன்னும் ஏறும். இதிலிருந்து காப்பது ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்து செவுளையே பழுப்பாக்கிவிடும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும், அது ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும், வாரா வாரம் தண்ணீர் மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பாக்டீரியாக்கள் தானாக வந்து பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமல் தொட்டியை ஓட விடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு வாருங்கள், அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டுமே பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கொடுத்தால் இந்தக் காலம் பாதியாகக்கூடக் குறையும். அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் பிழியுங்கள்.

பிள்ளைகள் காலித் தொட்டியைப் பார்த்து அழுவார்கள். என் பையனும் அழுதான். தினமும் டெஸ்ட் கிட் நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலையை அவனிடம் கொடுத்தேன், மூன்றாவது வாரம் நைட்ரைட் ஏறியபோது அவன்தான் ஓடி வந்து சொன்னான்.

கொளத்தூரில் எதை வாங்குவது

நாட்டின் பெரிய வண்ண மீன் சந்தைகளில் ஒன்று நம் பக்கத்திலேயே இருப்பது பாக்கியம். வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். கடைத் தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், ஒரு பக்கச் செவுள் மூடி மட்டும் ஆடினால், கல்லில் உடம்பை உரசினால் அந்தத் தொட்டியிலிருந்து ஒன்றுமே வாங்க வேண்டாம். முதல் முறைக்கு நாலைந்து கப்பி போதும். மாலி வேண்டுமென்றால் மூன்று. தங்க மீன் வேண்டாம், பெரிதாக வளரும், அதிகக் கழிவு விடும், நம் வெயிலும் அதற்கு ஒத்துவராது.

ஃபைட்டர் மீனைச் சின்ன ஜாடியில் விற்பார்கள், "இதுக்குக் காத்தே வேணாம் சார்" என்பார்கள். அதில் பாதி உண்மை. ஃபைட்டருக்கும் குராமிக்கும் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான தனி உறுப்பு இருக்கிறது, மேலே வந்து காற்றை விழுங்கி அதிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கும். மீன் சந்தையில் இரண்டு அங்குலத் தண்ணீரில் விரால் உயிரோடு நெளிவதும் அதே மாதிரி ஓர் ஏற்பாட்டால்தான், சொல்லப்போனால் விராலை மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். நம் பனையேறிக் கெண்டையும் இந்த வகை. 1791-ல் தரங்கம்பாடி அருகே அது பனை மரத்தில் ஏறிக்கொண்டிருந்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் கம்பெனி அதிகாரி எழுதி, 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கம் வரை அந்தச் செய்தி போனது. ஆனால் காற்றில் மூச்சு விட்டாலும் அம்மோனியா ஃபைட்டரின் செவுளையும் எரிக்கத்தான் செய்யும். அதற்கும் 15, 20 லிட்டராவது கொடுங்கள், மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்று விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள், சூடு சமமாகட்டும். பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள், அரை மணி நேரம் இப்படி. கடைசியில் வலையால் மீனை மட்டும் தூக்கி விடுங்கள், பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். அன்று தீவனம் போடாதீர்கள்.

தினமும் எண்ணுங்கள்

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத் தீவனம், ஒரு வேளையோ இரு வேளையோ. வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்றம். இவ்வளவுதான் பராமரிப்பு.

கூடவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மீன்கள் நன்றாக இருக்கும் நாளில், தீவனம் போடும் முன், ஒரு மீனின் செவுள் மூடி 10 நொடியில் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். இனத்துக்கு இனம், சூட்டுக்குச் சூடு மாறும் என்பதால் பொது எண் கிடையாது, உங்கள் மீனின் எண்தான் கணக்கு. ஒரு நாள் அது திடீரென்று ஒன்றரை மடங்கானால் ஏதோ கெட்டுவிட்டது. எல்லா மீனும் விடியற்காலையில் மேலே வந்து திணறினால் ஆக்சிஜன் குறைவு. பகலிலும் திணறி, செவுள் வழக்கத்தைவிடக் கன்றிச் சிவந்திருந்தால் அம்மோனியாவைச் சோதியுங்கள். இரண்டுக்கும் முதல் உதவி ஒன்றே, குளோரின் போக்கிய, அதே சூட்டில் உள்ள தண்ணீரால் கால் பங்கு மாற்றி, காற்றைக் கூட்டுவது. காரணம் தெரியாமல் மீன் கடையில் விற்கும் நீல மருந்தையும் மஞ்சள் மருந்தையும் ஊற்றாதீர்கள்.

மே மாதத்தில் மூடியைக் கொஞ்சம் தூக்கி வைத்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் மேசை விசிறிக் காற்று படும்படி செய்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆவியாகும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போட வேண்டாம். இரவில் கரன்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் நல்லது. இல்லாதபோது ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஓர் அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், அரை மணிக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து மக். தீவனம் மட்டும் போடாதீர்கள், செரிமானத்துக்கும் ஆக்சிஜன் வேண்டும். போன கோடையில் ஓர் இரவு மூன்று மணி வரை நானும் பையனும் முறை வைத்து மொண்டு ஊற்றினோம், காலையில் எண்ணிப் பார்த்தால் கப்பிகள் ஐந்தும் நோட்டில் இருந்த அதே எண்ணிக்கையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.